டின் சத்தத்துக்குப் பூச்சியம்

போன மாதம் எங்கள் காரியாலயத்துப் புதிய பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நிரோஷா என்று பெயர். கையில் ஒரு டெப்லட். பகல் பராமரிப்பு நிலையங்களை மதிப்பீடு செய்யும் படிவம் இனித் தாளில் இல்லையாம். எல்லாம் அதற்குள்ளே போய்விட்டதாம். விரலால் தொட்டால் போதும், கூட்டல் தானாக நடந்து, ஏ, பி, சி, டி என்று தரமும் தானாக வந்து விழுமாம்.

"இனிமே யாரும் பிழை விட ஏலாது மிஸ்" என்றாள். முகத்தில் அத்தனை பூரிப்பு.

எனக்கும் சந்தோஷம்தான். முப்பது வருடமாக நான் கையால் எழுதி விட்ட பிழைகளை இனி அந்தப் பெட்டி விடும். குறைந்தபட்சம் யாருக்கும் கை வலிக்காது.

அவள் வந்த காரியம் வேறு. ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு மலர் போடுகிறார்களாம். "நீங்க பாத்ததிலயே கஷ்டமான சென்டர் எது மிஸ்? அதப் பத்தி எழுதிக் குடுங்க. பாசிட்டிவா இருந்தா நல்லம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாசிட்டிவாக எழுத மூன்று நாள் முயன்று பார்த்தேன். வந்தது இதுதான். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

நான் பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். தோட்டத்துச் சனத்தை எனக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும்தான் தெரியும், அதுவும் எங்கள் கடைக் கண்ணாடி அலுமாரிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களாக. இந்த உத்தியோகம் கிடைத்ததும் தியத்தலாவையில் இரண்டு வாரம் பயிற்சி தந்தார்கள். கதிரையின் உயரம் பிள்ளையின் முழங்காலுக்கு எவ்வளவு இருக்க வேண்டும், கழிவறைக்கும் சமையலறைக்கும் எத்தனை அடி, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் கற்றேன். அந்த இரண்டு வாரத்தில் எங்களுக்கு ஒரு பிள்ளையைக்கூடக் காட்டவில்லை. மேசையில் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. அதை வைத்துத்தான் எல்லாம். அழாத, மூக்கு ஒழுகாத, ஒன்றுக்குப் போகாத பிள்ளையை மதிப்பீடு செய்யப் பழகிக்கொண்டு, அளவு நாடாவும் எழுதும் பலகையுமாக வெளியே வந்தோம்.

எங்கள் மேலதிகாரி நடேசன் சேர். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. கடைசி வரைக்கும் ஒருவரையும் குரல் உயர்த்தித் திட்டியதில்லை. யாருக்கும் முடியாது என்று சொன்னதும் இல்லை. "பாப்பமே" என்பார். அவர் "பாப்பமே" என்று சொன்ன காரியத்தைப் பிறகு யாரும் பார்த்ததில்லை. அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் முதல் பக்கத்தைத் தொடமாட்டார். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், புள்ளிகளை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால் கையெழுத்து. மூன்று பக்கத்துக்கு நான் எழுதிய குறிப்புகளை அவர் படித்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு தடவை ஏதோ ஒரு நிலையத்தில் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள் என்று வாயால் சொன்னேன். "அதுக்குக் கேள்வி இருக்குங்களா மிஸ்?" என்று அன்பாகக் கேட்டார். உணவு அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறதா என்றுதான் கேள்வி இருந்தது. ஒட்டியிருந்தது. "அப்ப சரிதானுங்களே" என்றார்.

மதிப்பீட்டுக்கு வருகிறோம் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே நாங்கள் கடிதம் அனுப்புவது வழக்கம். இது ரொம்ப நல்ல வழக்கம். கூரையில் ஒழுக்கு இருந்தால் அடைக்கலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, யானையை வரவழைக்கலாம்.

யானை என்றால் சிவப்புப் பிளாஸ்டிக் யானை. சக்கரம் வைத்தது, பிள்ளைகள் ஏறி உட்காரலாம். இடது காது ஓரத்தில் ஏதோ ஒரு பிள்ளை கடித்த பல் தடம் இருந்தது. அதை முதலில் எல்லவில் ஒரு பாலர் நிலையத்தில் பார்த்தேன். மூன்று மாதம் கழித்து பெரகலச் சந்திக்குப் பக்கத்தில் வேறொரு நிலையத்தில் அதே பல் தடத்தோடு நின்றது. பிறகு ஹாலிஎலவில். யானையோடு ஒரு சறுக்கு மரமும், கட்டைகள் நிறைந்த நீலக் கூடையும் சேர்ந்து வரும். கடிதம் கிடைத்ததும் ஆசிரியைமார் ஒருவருக்கொருவர் போன் பண்ணிக்கொள்வார்கள், அடுத்த நாள் ஒரு ஆட்டோவில் யானை கிளம்பிவிடும். எங்கள் மாகாணத்தில் என்னைவிட அதிகம் பயணம் செய்த ஒரே உத்தியோகத்தர் அந்த யானைதான்.

எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். நடேசன் சேருக்கும் தெரியும். போன இடமெல்லாம் "விளையாட்டுப் பொருட்கள்: போதுமானது" என்று எழுதினேன். எழுதும்போது ஆசிரியை கொண்டுவந்து வைத்த கேக் துண்டையும் சாப்பிட்டேன். ஒருவருக்கும் நட்டமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது, அந்தத் தங்குமிடத்துக் கோப்பு என் மேசைக்கு வந்தது.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, பல வருடமாக மூடிக் கிடந்தது. மண்சரிவில் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளை இழந்தவர்கள், வாடகை வீட்டிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள், போக இடமில்லாத பெண்கள் என்று பதினைந்து இருபது குடும்பங்களை ஒரு தொண்டு அமைப்பு அதற்குள் தங்கவைத்திருந்தது. முன்பு தேயிலைக் கொழுந்து வாட்டிய மேல்மாடியைப் பலகை வைத்து அறைகளாகப் பிரித்திருந்தார்கள். அங்கே ஒரு சட்டம். காலை எட்டு மணிக்குப் பெரியவர்கள் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். நாலு மணிக்குத்தான் கேட் திறக்கும். வேலை தேடாமல் உட்கார்ந்துவிடுவார்களாம், அதனால். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கீழே பழைய ஆபீஸ் அறையில் விட்டுவிட்டுப் போகலாம். அதுதான் பகல் பராமரிப்பு நிலையம். அதற்குப் பதிவு கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். நான் போய் மதிப்பீடு செய்ய வேண்டும்.

போனேன். யானை வரவில்லை.

அறை வாசலில் என்னை வரவேற்றவர் புஷ்பம் ஆயாம்மா. ஐம்பது வயது இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருபது வருடம் பிள்ளை பார்த்தவர். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். மண்சரிவில் அவருடைய லயமும் போய்விட்டதால் அவரும் அந்தத் தங்குமிடத்தில்தான் இருந்தார். பதினொரு பிள்ளைகள். சின்னதுகள் நாலு பேர் துணித் தொட்டிலில். ஒரே ஒரு கதிரை. அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து எனக்காக வைத்திருந்தார்கள்.

படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். புடவைக்கடைக்காரர் மகளுக்குத் துணி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. தொட்டில் துணியைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு என்றிருந்தது.

"இத எப்பக் கழுவுனீங்க ஆயாம்மா?"

"கழுவுறதில்லீங்க மிஸ்."

"கழுவுறதே இல்லையா?"

"தாய் கட்டிட்டு அவுத்த சீலைங்க அது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குடுத்துட்டுப் போவாங்க. கழுவுனா தாய் வாசம் போயிரும்ங்க. அப்புறம் புள்ள தூங்காது. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா தாய் வேற சீல மாத்தித் தருவா, பழச அவளே தொவைச்சுக்குவா."

ஒன்பதாவது கேள்வி: படுக்கை விரிப்புகள் நிலையத்தில் தினமும் கழுவப்படுகின்றனவா? இல்லை. பூச்சியம் போட்டேன். தொட்டிலில் இருந்த நாலு பேரும் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். தூக்கத்துக்குக் கேள்வி இல்லை.

விளையாட்டுப் பொருட்கள் என்ற இடத்துக்கு வந்தேன். மூலையில் பால்மா டின்கள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியோ குச்சியோ. வேறொன்றும் இல்லை. "இது என்ன?" என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அது ஐப்பசி மாதம். ஊவாவில் ஐப்பசி மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. தகரக் கூரையில் முதல் பத்துத் துளி விழுந்ததும் அந்த அறையில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அசையாமல் நின்றுவிட்டார்கள். மண் இறங்கியபோது அதே சத்தத்தைக் கேட்ட பிள்ளைகள். ஒருத்தி ஓடிவந்து என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். இரண்டு வயது இருக்கும். கவிஷா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள் உடம்பு நடுங்கியது என் காலில் தெரிந்தது.

"எடுங்க சாமிகளா, எடுங்க!" என்றார் புஷ்பம்.

பிள்ளைகள் ஓடிப்போய் ஆளுக்கொரு டின்னை எடுத்தார்கள். அடிக்கத் தொடங்கினார்கள். என் முந்தானைக்குள் இருந்தவளும் வெளியே வந்து ஒரு டின்னை மடியில் கவிழ்த்து அடித்தாள். புஷ்பம் நடுவில் நின்று ஒரு பெரிய டின்னில் தாளம் பிடித்தார். மழை கூடக் கூட இவர்களும் கூட்டினார்கள். தூங்கிய நாலும் விழித்து, தொட்டிலுக்குள் இருந்தபடி காலை ஆட்டின. எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. கால் மணி நேரம் கழித்து மழை விட்டது. பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள்.

"என்னங்க இது?" என்றேன்.

"மழையவிடப் பெரிய சத்தம் நம்ம போட்டா மழ பயந்து ஓடிரும்னு சொல்லி வச்சிருக்கேங்க மிஸ்" என்றார் புஷ்பம். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல எல்லாம் ஒரு மழைக்கு நாலு புள்ள மயங்கி விழும்ங்க. இப்ப ஓடுதுன்னு நம்புதுங்க."

பத்தொன்பதாவது கேள்வி: நிலையத்தின் சூழல் அமைதியாக உள்ளதா? பூச்சியம். பதினாலாவது: பிள்ளைக்கு ஒன்று வீதம் விளையாட்டுப் பொருள்? பூச்சியம். பெற்றோர் பகலில் வந்து பங்கேற்கிறார்களா? கேட் பூட்டியிருக்கிறது, பூச்சியம். கூட்டினேன். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. டி தரம்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன் என்று பெருமை. யானை வந்த இடங்களிலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தவள், யானையைக் கூப்பிட வழியில்லாத இடத்தில் போய் நேர்மையைக் காட்டியிருக்கிறேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

நடேசன் சேர் கூட்டிப் பார்த்தார். இரண்டும் ஒத்துவந்தன. "ரொம்பச் சுத்தமான அறிக்கை மிஸ்" என்று பாராட்டினார். டி தரம் என்றால் குறைகள் தீரும்வரை நிலையத்தை மூட வேண்டும். கடிதம் அன்றைக்கே தபாலில் போனது. எங்கள் காரியாலயத்தில் அன்றைக்கே போன ஒரே கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள், இடுப்பில் பிள்ளை. அந்தப் பிள்ளை கவிஷா. வந்தவள் அவளுடைய தாய் தனலெட்சுமி. புருஷன் மண்ணோடு போய்விட்டான். சொந்தக்காரர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறாள். நிலையத்தை மூடியதும் மற்றத் தாய்மார் எப்படியோ சமாளித்தார்கள். ஒருத்தி பெரிய மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள், இன்னொருத்தி தங்கச்சி வீட்டில் விட்டாள். இவளுக்கு விட இடமில்லை. பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். மழை வந்ததும் பிள்ளை அலறி, சரிவில் உருண்டு, முழங்கை உரசியிருந்தது. இனி பிள்ளையோடு வர வேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டார். வேலைக்குப் போகாதவர்களுக்குத் தங்குமிடத்தில் இடமில்லை. சிறுவர் விஷயங்களுக்குப் பொறுப்பான நன்னடத்தை அதிகாரி வந்து, பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடச் சொல்லி எழுதிவைத்துப் போயிருக்கிறார்.

"ஆயாம்மா என்ன மிஸ் தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டாள்.

நான் படிவத்தை எடுத்துக் காட்டினேன். ஒன்பது, பதினாலு, பத்தொன்பது என்று விளக்கினேன். எனக்கு விளக்க நன்றாக வரும். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எம்புள்ள அங்க அழாம இருந்தா மிஸ். அதுக்கு எத்தன மார்க்கு?"

நான் உண்மையிலேயே படிவத்தைப் புரட்டினேன். முன்பக்கம், பின்பக்கம். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி அதில் இல்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு நடேசன் சேரிடம் போனேன். அவர் எழுந்து நின்று கதிரை காட்டினார். அவள் உட்காரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கவலப்படாதீங்கம்மா. அந்த இல்லம் நல்ல இடம். ஏ தரம்" என்றார்.

ஏ தரம் போட்டது நான்தான். நான் போன அன்றைக்கு யானை அங்கேயும் வந்திருந்தது.

"மறு மதிப்பீடு செய்வோமே சேர்" என்றேன்.

"பாப்பமே" என்றார்.

இந்தத் தடவை அவரை விடவில்லை. காலையில் வந்ததும் அவர் வாசலில் நின்று ஞாபகப்படுத்தினேன், பின்னேரம் போகும்போது ஞாபகப்படுத்தினேன். நாலாவது வாரம் திகதி தந்தார். டி தரத்துக்கு மறு மதிப்பீடு என்றால் மேலதிகாரியே போக வேண்டும் என்று சட்டம், ஆகவே அவரே வருவார். ஆனால் அதற்குள் தனலெட்சுமி கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள். போடாவிட்டால் இரண்டு பேரும் ரோட்டில். பகலில் பிள்ளை பார்க்கப் பதிவு பெற்ற நிலையம் இருக்கிறது என்று எங்கள் காரியாலயம் எழுதிக் கொடுத்தால் பிள்ளையைத் திருப்பித் தருவார்களாம். அதாவது பி தரமாவது வேண்டும். அந்தப் பிள்ளை தாயிடம் திரும்புவதும் திரும்பாததும் இப்போது நடேசன் சேரின் கூட்டலில் இருந்தது.

நேர்மை பார்த்து வந்த வினை இது. இனிமேல் யானைதான் கதி என்று முடிவெடுத்தேன்.

யானை அப்போது பெரகலவில் இருந்தது. நேரே போய், தங்குமிடத்துப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிக் கேட்டேன். அந்த ஆசிரியைக்கு முகம் மாறிவிட்டது.

"மிஸ் கேட்டா இல்லேன்னு சொல்லுவேனா? ஆனா அந்தப் புள்ளைங்க கை பட்டத நம்ம புள்ளைங்களுக்குத் திருப்பி எப்பிடிக் குடுக்கிறது? சொறி கிறி ஒட்டிக்கிச்சுன்னா பேரன்ஸ் சண்டைக்கு வருவாங்க."

"இந்த யானையோட காத எல்லவுல ஒரு புள்ள கடிச்சிருக்கு. அத ஹாலிஎலவுல இன்னொரு புள்ள நக்குனத என் கண்ணால பாத்தேன். அப்ப எல்லாம் ஒட்டாத சொறியா இப்ப ஒட்டப் போவுது?" என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது, எனக்கு எல்லாம் தெரியும் என்று. யானையைக் கொண்டுவந்து தந்தாள். சறுக்கு மரத்தையும் நீலக் கூடையையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு, யானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தலை நரைத்த அரசாங்க உத்தியோகத்தர் சிவப்பு யானையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், யானைக்கும் டிக்கட் வேணுமா என்று கேட்டான்.

குறித்த நாளுக்கு எல்லாவற்றையும் தயார்படுத்தினேன். அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைப் பழையபடி கொண்டுவந்து விடச் சொல்லித் தாய்மாருக்குச் சொல்லியனுப்பினேன். தொட்டிலுக்கெல்லாம் புதுத் துணி, எங்கள் பழைய கடையில் இருந்து. கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லிக் கெஞ்சி, இரண்டு தாய்மாரை "பெற்றோர் பங்கேற்பு" என்று உள்ளே உட்காரவைத்தேன். டின்களை எல்லாம் அள்ளிக் கொண்டுபோய்ச் சமையலறைக்குள் பூட்டினேன்.

"மழ வந்தா என்னாங்க மிஸ் பண்றது?" என்று புஷ்பம் கேட்டார்.

"வராது" என்றேன். வானிலைக்கும் நான்தான் பொறுப்பு என்பது போல.

நடேசன் சேர் பத்து மணிக்கு வந்து வெள்ளைத் துணி விரித்த கதிரையில் உட்கார்ந்தார். யானை நடுவில் நின்றது. பிள்ளைகள் சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திருப்பிக் கொடுக்கிற சாமான், தொடக் கூடாது என்று புஷ்பம் சொல்லிவைத்திருந்தார். "ரொம்ப ஒழுக்கமான பிள்ளைங்க" என்றார் சேர். புதுத் துணித் தொட்டிலில் நாலு பேரும் வீறிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அவர் துணியைத் தொட்டுப் பார்த்து முழுப் புள்ளி போட்டார்.

பதினேழாவது கேள்வி வரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு மழை வந்தது.

பிள்ளைகள் டின் இருந்த மூலைக்கு ஓடினார்கள். அங்கே நீலக் கூடை இருந்தது. ஒரு பையன் கூடையைக் கவிழ்த்துக் கட்டைகளை எல்லாம் வாரி இறைத்துத் தேடினான். கிடைக்கவில்லை. மழை கொட்டியது. ஒவ்வொருவராக அலறத் தொடங்கினார்கள். ஒருத்தி தரையில் விழுந்து காதைப் பொத்திக்கொண்டாள். சேர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். புஷ்பமும் என்னைப் பார்த்தார். 

நான் ஓடிப்போய்ச் சமையலறைப் பூட்டைத் திறந்தேன். சாவி இரண்டு தடவை தவறியது. டின்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து தரையில் கொட்டினேன்.

அடித்தார்கள். பங்கேற்க வந்த தாய்மார் இரண்டு பேரும் சேர்ந்து அடித்தார்கள். நானும் ஒன்றை எடுத்து அடித்தேன். சேர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"என்ன மிஸ் இது?" என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது, இத்தனை வருடம் மனப்பாடம் பண்ணிய படிவம் கைகொடுத்தது.

"இருபத்தேழாவது கேள்வி சேர்" என்று நானும் கத்தினேன். "தாளத்தோட கூடிய இசைச் செயற்பாடு!"

அவர் பக்கத்தைப் புரட்டினார். இருபத்தேழு இருந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். முகம் தெளிந்தது.

"எல்லாப் புள்ளைங்களும் பங்கேற்கிறாங்களா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம சேர்."

"உள்ளூர்ப் பொருள்ல செஞ்ச கருவிங்களா?"

"ஆமாங்க சேர்."

முழுப் புள்ளி போட்டார். பிறகு தயங்கினார். "பத்தொன்பது? அமைதி?"

"அது மழைச் சத்தம் சேர். மழைக்கு நம்ம புள்ளி குறைக்கிறதில்லையே."

யோசித்தார். நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. மேலிருந்து கீழே கூட்டினார், கீழிருந்து மேலே கூட்டினார். பி தரம். அதே அறை, அதே ஆயாம்மா, அதே டின். கூடுதலாக ஒரு யானை.

அந்த இருபத்தேழாவது கேள்வி அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. அடுத்த மாதமே சுற்றறிக்கை போனது: எல்லா நிலையங்களிலும் செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு டின் வாத்தியப் பயிற்சி நடத்தப்பட வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். எல்லவில் வெயில் கொளுத்தும்போது, ஒன்றுக்கும் பயமில்லாத பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் டின் அடித்தார்கள். நிரோஷாவின் டெப்லட்டிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. பார்த்தேன்.

பி தரச் சான்றிதழை நானே கையோடு கொண்டுபோய் நன்னடத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகும் கையெழுத்துகள், முத்திரைகள். எல்லாம் சேர்த்து, கவிஷா தாயை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது, அவள் திரும்பி வரும்போது.

தங்குமிடத்துக் கேட்டடியில் வைத்துத்தான் ஒப்படைத்தார்கள். இல்லத்தில் இருந்து ஒரு பெண் பிள்ளையைத் தூக்கி வந்திருந்தாள். பிள்ளைக்குத் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சுத்தமாக இருந்தாள். கன்னம்கூடக் கொஞ்சம் ஊதியிருந்தது. ஏ தரம் ஏ தரம்தான். தனலெட்சுமி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தலை குளித்து, நல்ல சீலை கட்டி வந்திருந்தாள். "கவி" என்று கூப்பிட்டுக் கையை நீட்டினாள்.

பிள்ளை அந்த இல்லத்துப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. தனலெட்சுமி இன்னும் கிட்டப் போனாள். பிள்ளை பயந்துபோய், ஆனால் யாரோ பழக்கிவிட்ட ஒழுங்கோடு, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் மிஸ்" என்றது.

பெற்ற தாயைப் பார்த்து.

அந்த இல்லத்தில் பெரியவர்கள் எல்லாருமே மிஸ்தான். முப்பது வருடமாக ஆயிரம் பேர் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு ஒருநாள்கூட நான் தலைகுனிந்ததில்லை. அன்றைக்குத் தலைகுனிந்தேன். "என்ன மன்னிச்சிருங்கம்மா" என்றேன். அதிகாரி என்ற நினைப்பெல்லாம் விட்டுத்தான் சொன்னேன், அழுதுகொண்டுதான் சொன்னேன்.

தனலெட்சுமி அழவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"இருக்கட்டும்ங்க மிஸ்" என்றாள், பிள்ளையையே பார்த்துக்கொண்டு. "ஒருக்கா சொல்லிக் குடுத்த பேருதானே. மறுபடியும் சொல்லிக் குடுத்துக்கிறேன்."

ஒப்படைப்புப் புத்தகத்தில் சாட்சியாக நான் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம்: பிள்ளையின் நிலை. அதில் எழுதலாம் என்று ஒரு பட்டியல் தந்திருந்தார்கள், மூன்றே மூன்று சொற்கள். இருந்ததில் கிட்டத்தட்டப் பொருந்தியதைத் தேடினேன். எழுதினேன்: திருப்தி.